பரம்பரை வியாதியா என்று கேட்பவர்களுக்கு

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பெண் பார்க்க வருகிறவர்கள் நேராகப் பெண் வீட்டுக்குப் போவதில்லை. முதலில் டீக்கடை, பிறகு தெருமுனை. பெண் எப்படி, தறி சொந்தமா கூலியா, கடன் எவ்வளவு, நிலம் ஏதும் மிச்சமிருக்கிறதா என்று விசாரிப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்பார்கள்: "அந்த வீட்ல பெரியவனுக்கு மூளை கொஞ்சம் சரியில்லைன்னு சொல்றாங்களே, பரம்பரையா?" பதில் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. கேள்வி எழுந்ததே போதும், வரன் தட்டிப்போய்விடும்.

இதே கேள்வியை ஒரு மனநல மருத்துவர் கேட்டால் அது ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும். ஆனால் அவர் கேட்கும்போது வீட்டார் வாயைத் திறப்பதில்லை. "எங்க வம்சத்திலேயே இப்படி யாருக்கும் கிடையாது சார்" என்பதுதான் பதில். சொல்ல வேண்டிய இடத்தில் மறைக்கிறோம். கேட்க உரிமையில்லாதவர்களிடம் அகப்பட்டுக்கொள்கிறோம். நோய் செய்யும் சேதத்தில் பாதியை இந்த இடமாற்றமே செய்துவிடுகிறது.

பேசப்போவது பைபோலார் எனப்படும் இருமுனை மனநோயைப் பற்றி. இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவணி முகூர்த்தத்துக்குச் சேலை கொடுத்தாக வேண்டும். தறிக்குழியில் இறங்கியவர் இரண்டு ராத்திரியாகப் படுக்கவில்லை. சேலையின் கரையையும் உடலையும் இணைக்கும் கோர்வை போடக் கூட உட்காரும் பையன் தூங்கி விழுகிறான். இவருக்கோ தூக்கமே வேண்டியிருக்கவில்லை. கை பறக்கிறது, வாய் ஓயவில்லை. வேலை ஓடுகிறதே என்று வீட்டிலும் சந்தோஷம்தான். நாலைந்து நாள் கழிகிறது. எட்டுத் தறி போடப் போகிறேன், ஜப்பானுக்கே ஏற்றுமதி செய்யப் போகிறேன் என்று வட்டிக்குப் பணம் வாங்கி வந்து ஜரிகைக் கட்டுகளாகக் குவிக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்குச் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுப் பேசுகிறார். தடுத்தால் அடி விழுகிறது. சில வாரமோ சில மாதமோ போனபின் அதே மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறார். குளிப்பதில்லை, சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார், செத்துப்போனால் தேவலை என்கிறார். தறியில் பாவு பூட்டியது பூட்டியபடி தூசி படிகிறது.

இந்த இரண்டும் ஒரே நோய். நடுவில் ஆள் முழுக்கச் சரியாக இருக்கும் காலமும் உண்டு. சிலருக்கு அது வருஷக்கணக்கில் நீளும். மேலே ஏறும்போது யாரும் டாக்டரிடம் போவதில்லை, சுறுசுறுப்பை எவர் நோய் என்பார்? கீழே விழுந்த பிறகு போகிறார்கள், முன்பு நடந்ததைச் சொல்வதில்லை. வெறும் மனச்சோர்வு என்று மருந்து எழுதப்படுகிறது. மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் இந்த நோய் உள்ள சிலரை அது மறுபடி உச்சத்துக்குக் கிளப்பிவிடும். "போன வருஷம் பத்து நாள் தூங்காம கடையெல்லாம் வாங்கறேன்னு சுத்தினாரு" என்ற ஒரு வாக்கியம் அந்த மருந்துச் சீட்டையே மாற்றியிருக்கும். "இவரோட சித்தப்பாவும் இப்படித்தான்" என்பது இரண்டாவது வாக்கியம்.

நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது பதினாறு, பதினேழிலிருந்து இருபதுகளுக்குள். அதாவது நம் ஊரில் கல்யாணம் பேசும் வயது. "கால்கட்டு போட்டா சரியாயிடும்" என்ற யோசனை பிறப்பது இதனால்தான். சரியாவதில்லை. கல்யாணச் சத்தமும், தூக்கம் கெட்ட இரவுகளும், புது வீட்டின் பதற்றமும் சேர்ந்து அடுத்த சுற்றை முன்கூட்டியே வரவழைக்கலாம்.

காஞ்சிபுரம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த நிலையில் முதலில் நினைவுக்கு வருவது சோளிங்கர். யோக நரசிம்மரையும் யோக ஆஞ்சநேயரையும் சேவித்து, தக்கான் குளத்தில் முழுக்காட்டி, ஒரு மண்டலம் தங்கவைத்தால் தெளிந்துவிடும் என்பது தலைமுறைகளாக வரும் நம்பிக்கை. அதைக் கேலி செய்ய நான் தயாரில்லை. கோயிலுக்குக் கூட்டிப்போகிற குடும்பம் கைவிடாத குடும்பம். இன்னொரு விஷயமும் உண்டு: இந்த நோயின் ஒரு சுற்று மருந்தே இல்லாவிட்டாலும் சில மாதங்களில் தானாக அடங்கக்கூடியது, அதனால் மண்டலம் முடியும்போது தெளிந்தவர்களும் நிஜமாகவே இருப்பார்கள். அடுத்த சுற்றை அது தடுக்காது, அவ்வளவுதான். குளமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை. நோயாளியைச் சங்கிலியால் கட்டிவைப்பதுதான் குற்றம். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் செத்தார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை 95-ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது.

இனி பரம்பரைக்கு வருவோம். ஆமாம், இந்த நோய்க்குப் பரம்பரைத் தொடர்பு உண்டு, பலமாகவே உண்டு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களை ஆராய்ந்த ஆய்வுகள், மனிதருக்கு மனிதர் இதில் காணும் வேறுபாட்டில் 60 முதல் 85 சதவீதம் வரை மரபணு சார்ந்தது என்கின்றன. உடனே "பாத்தியா, சொன்னேனே" என்று எழுந்துவிட வேண்டாம். அச்சு அசலாக ஒரே மரபணு கொண்ட அந்த இரட்டையர்களிலேயே, ஒருவருக்கு நோய் இருந்தும் மற்றவருக்கு வராமல் போவது ஏராளம்.

கல்யாணத் தரகருக்கு வேண்டியது இதைவிட நேரான கணக்கு. டென்மார்க்கில் 27 லட்சம் பேரின் பதிவேடுகளை வைத்து 2010-இல் ஓர் ஆய்வு வந்தது. மருத்துவமனைப் பதிவில் பைபோலார் என்று குறிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளை ஐம்பது வயதைத் தாண்டும்வரை பின்தொடர்ந்த கணக்கு அது. பெற்றோர் இருவருக்கும் இல்லாத வீட்டில் பிள்ளைக்கு வந்தது அரை சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஒருவருக்கு இருந்த வீட்டில் 4.4 சதவீதம். இருவருக்குமே இருந்தால் சுமார் 25 சதவீதம். பத்து மடங்கு அபாயம் என்று சொன்னால் பயமாக இருக்கும். அதே எண்தான், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நோய் இருந்தும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிள்ளைகளுக்கு அது வரவில்லை என்றும் சொல்கிறது. இரண்டும் உண்மை. அதே பிள்ளைகளுக்கு மனச்சோர்வு போன்ற பிற நோய்களின் வாய்ப்பு கொஞ்சம் கூடுவதால் ஒரு கண் வைத்திருப்பது நல்லது, அவ்வளவே.

எந்த மரபணு என்று கேட்டால்தான் கதை சுவாரசியமாகிறது. 1987-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்டு வாழும் ஆமிஷ் மக்களின் ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்தவர்கள், 11-ஆவது குரோமோசோமில் நோயின் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். உலகமே கொண்டாடியது. 1989-இல் அதே குடும்பத்தில் முன்பு நோயில்லாதிருந்த இருவருக்கு நோய் வந்தது, இன்னும் சில உறவினர்களும் கணக்கில் சேர்ந்தார்கள். கணக்கு கலைந்துபோனது. ஆய்வாளர்களே பின்வாங்கினார்கள். ஒரு குடும்பம், ஒரு மரபணு, ஒரு நோய் என்ற எண்ணம் அங்கே அடிபட்டது.

2025-இல் அதே இதழில் வந்த ஆய்வு வேறு ரகம். நோயுள்ள 1,58,036 பேரையும் நோயில்லாத சுமார் 28 லட்சம் பேரையும் ஒப்பிட்டு, மரபணுத் தொகுதியில் 298 இடங்களைக் காட்டியது. நரம்புச் செல்லுக்குள் கால்சியம் போய்வரும் வாசலோடு தொடர்புள்ளவை போன்ற பல மரபணுக்கள் இதில் அடிபடுகின்றன. ஒவ்வொரு இடத்தின் தாக்கமும் துளியூண்டு. இன்னும் கண்ணில் படாதவை ஆயிரக்கணக்கில் இருக்கும்.

இப்படிப் பல பங்காகப் பிரிந்து கிடக்கும் கணக்கு கூரத்துக்குப் புதிதல்ல. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் பரமேஸ்வரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடுகள், பரமேஸ்வரமங்கலம் என்ற ஊரை 25 பங்காக்கின. இருபது பங்கு நான்கு வேதம் ஓதியவர்களுக்கு, மூன்று கோயில் பூசைக்கும் திருப்பணிக்கும், ஒன்று மண்டபத்தில் தண்ணீருக்கும் தீக்கும், ஒன்று அங்கே பாரதம் வாசிப்பவருக்கு. பைபோலாரின் பங்குகளும் இப்படித்தான் பிரிந்து கிடக்கின்றன, ஆனால் ஒரு வீட்டுக்கோ ஒரு சாதிக்கோ எழுதிக்கொடுக்கப்படவில்லை. பெண் கேட்டு வந்தவர் ரத்தத்திலும் சில பங்குகள் இருக்கும். இந்தக் கட்டுரையை எழுதுகிறவனிடமும். கொஞ்சம் அதிகப் பங்கு ஒரே ஆளிடம் சேர்ந்து, அதன்மேல் தூக்கக்கேடு, பேறுகாலம், போதை, பெரிய இழப்பு என்று ஏதாவது விழும்போது நோய் வெளியே தெரியலாம். தெரியாமலும் போகலாம்.

அந்த 2025 ஆய்வில் ஐரோப்பிய, கிழக்காசிய, ஆப்பிரிக்க அமெரிக்க, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் இருந்தார்கள். தெற்காசியர் என்ற பிரிவு இல்லை. நம் ரத்தத்தைப் பற்றி நம்மிடம் உள்ள தகவல் குறைவு. இருப்பதும் பெரும்பாலும் பக்கத்து நோயான மனச்சிதைவைப் பற்றியது. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து நம் பக்கத்துக் குடும்பங்களில் சுமார் 3,000 பேரை ஆராய்ந்து 2019-இல் முடிவை வெளியிட்டது. உடல் நியாசின் என்ற பி3 வைட்டமினைக் கையாளும் விதத்தோடு தொடர்புடைய ஓர் இடம் அதில் தட்டுப்பட்டது. மனச்சிதைவுக்கும் பைபோலாருக்கும் மரபணுப் பங்குகள் நிறையப் பொது என்பதால் இந்த வேலை நமக்கும் வேண்டியது. பெங்களூருவில் உள்ள மனநல ஆய்வு நிறுவனமான நிம்ஹான்ஸ், ஒரே குடும்பத்தில் பலருக்கு மனநோய் உள்ள வீடுகளை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, அவர்கள் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் வளர்த்து, நரம்புச் செல்லாக்கி ஆராய்ந்துவருகிறது. இப்படி ஓர் ஆய்வுக்கு உங்கள் வீட்டில் ரத்தம் கேட்டால், என்ன செய்யப்போகிறார்கள் என்று உங்கள் மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்கலாம். எழுத்துப்பூர்வமான சம்மதம் தராமல் எடுக்கக் கூடாது. தந்த சம்மதத்தைப் பிறகு திரும்பப் பெறலாம், அதனால் உங்கள் சிகிச்சை நிற்காது.

சொந்தத்தில் கட்டியதால்தான் வந்தது என்பது அடுத்த குற்றச்சாட்டு. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணத்துக்கு மேல் சொந்தத்துக்குள்தான் நடக்கிறது. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டுவதால் கூடும் அபாயம் முக்கியமாக வேறொரு வகை நோய்களுக்கானது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு சேர்ந்தால்தான் வரும் சில காதுகேளாமை, சில ரத்த, வளர்சிதை நோய்கள் போன்றவை. பைபோலார் அந்த வழியில் வருவதில்லை. இரு பக்கத்துச் சொந்தத்திலும் நோய் இருந்தால் பங்கு கூடும், அசலில் கட்டினாலும் அதே கணக்குதான். மருமகள்மேல் பழிபோட மரபணு உதவாது.

இதற்கிடையில், எச்சிலைக் குழாயில் அடைத்து அனுப்பினால் மனநோய் வருமா என்று சொல்லித் தருகிறோம் என விளம்பரம் செய்கிறவர்கள் வந்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் பணம். பைபோலாரை உறுதிசெய்ய இன்றைக்கு எந்த ரத்தப் பரிசோதனையும் இல்லை, எச்சில் பரிசோதனையும் இல்லை. இந்த அறிக்கைகள் கொடுக்கும் மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பியரை வைத்துக் கணக்கிட்டவை. நமக்கு அவை இன்னும் மோசமாகப் பொருந்தும். கல்யாணத்துக்கு முன் பெண்ணுக்கு ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா என்று யாராவது கேட்டால், தைரியமாகக் காசு மிச்சம் என்று சொல்லுங்கள்.

மரபணுச் சோதனை நிஜமாகவே உயிர் காக்கும் ஓர் இடம் உண்டு, அதை விளம்பரக்காரர்கள் சொல்வதில்லை. இந்த நோய்க்குச் சில சமயம் கார்பமசெபின் என்ற மாத்திரை தருவார்கள், வலிப்புக்கும் அதுதான். எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த மருந்தால் தோல் கொப்பளித்து உரியும் கொடிய ஒவ்வாமை வரலாம், உயிரே போகலாம். ஆசியர்களிடம் இந்த வகை கூடுதல். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-லேயே, ஆசிய வம்சாவளியினருக்கு மருந்தைத் தொடங்கும் முன் சோதிக்கும்படி எச்சரித்தது. இந்தியரும் அதில் அடக்கம். கார்பமசெபின் எழுதினால் டாக்டரிடம் இதைக் கேளுங்கள். தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு வந்தால் மாத்திரையை நிறுத்தி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிரதான மருந்து லித்தியம். 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் இதன் பயனை எழுதினார். விலை குறைந்த பழைய உப்பு. நோய் திரும்புவதைத் தடுப்பதிலும் தற்கொலையைக் குறைப்பதிலும் இதை மிஞ்ச இன்னும் ஒன்று வரவில்லை என்பது என் அபிப்பிராயம் மட்டுமல்ல, பெரும்பாலான மனநல மருத்துவர்களின் அபிப்பிராயமும். இது நன்றாகக் கேட்பதும் குடும்பத்தில் தொடர்வதுண்டு. "எங்க அத்தைக்கு லித்தியம் நல்லா கேட்டுச்சு" என்ற தகவல் மருந்தைத் தேர்வு செய்ய டாக்டருக்குக் கைகொடுக்கும். பாருங்கள், பரம்பரை என்ற விஷயம் இங்கே எவ்வளவு உபயோகமாக இருக்கிறது.

ஆனால் லித்தியத்தில் மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி மெல்லிசு. ரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றைக் காலாகாலத்தில் பார்த்தாக வேண்டும். அக்னி நட்சத்திரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில், வியர்வை கொட்டத் தறியில் உட்காருகிறவருக்கு உடம்பில் நீரும் உப்பும் குறையும்போது லித்தியம் ஏறும். பேதி, வாந்தி வந்தாலும் ஏறும். குழிக்குள் காலை விட்டு நாளெல்லாம் உட்காருகிறவர்களுக்கு முதுகுவலி கூடப்பிறந்தது. அதற்கு மெடிக்கல் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றிவிடும். சில பிபி மாத்திரைகளும் அப்படித்தான். கை நடுக்கம் திடீரென்று கூடுவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, வாந்தி, பேதி, இவை தென்பட்டால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும். உப்பைக் குறைக்கிறேன் பேர்வழி என்று தடாலடியாகப் பத்தியம் பிடிப்பதும் வேண்டாம்.

வால்புரோயேட் என்ற இன்னொரு மருந்து பரவலாக எழுதப்படுகிறது. கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு அதைத் தவிர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. கர்ப்பத்தில் சாப்பிட்டால் பத்தில் ஒரு குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறை போன்ற பெரிய பிறவிக்கோளாறு வரலாம். மூன்றில் ஒன்றுக்கு வளர்ச்சியிலும் படிப்பிலும் பாதிப்பு. நோயை மறைத்துப் பெண்ணைக் கட்டிக்கொடுத்து, மாத்திரையைப் பெட்டியில் ஒளித்து அனுப்பும் வீடுகளில் இதன் விலையைக் கொடுப்பது பிறக்கும் பிள்ளை. புகுந்த வீட்டுக்குப் பயந்து மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்துதான்: இந்த நோயுள்ள பெண்களில் ஐந்தில் ஒருவருக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் கடுமையான தாக்குதல் வருகிறது. கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் "குழந்தை பெத்துக்க ஆசைப்படறோம்" என்று சொல்லிவிட்டால் மருந்தை மாற்றியமைக்க அவகாசம் கிடைக்கும். பெற்றபின் தாயைத் தூங்கவிட்டு, ராத்திரியில் பிள்ளையை வேறொருவர் பார்த்துக்கொள்வதும் சிகிச்சைதான்.

தறியை விடச் சொல்லவில்லை. ராத்திரித் தறியை விடலாம். தூக்கம் குறைவது இந்த நோயின் விளைவும்கூட, தூண்டுகோலும்கூட. இரண்டு இரவு தூங்காமல் உற்சாகமாக இருக்கிறார் என்றால் மூன்றாம் நாள் காத்திருக்க வேண்டாம்.

2015–16-இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டையும் சேர்த்து 12 மாநிலங்களில் நடந்தது. நூற்றுக்கு அரைப் பேருக்கு வாழ்நாளில் பைபோலார் வருகிறது என்றது. அவர்களில் 70 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். இருநூறு பேர் உள்ள ஒரு தெருவில் ஒருவர். உங்கள் தெருவில் யார் என்று யோசிக்காதீர்கள், அந்த யோசனைதான் வினை.

சட்டம் என்ன சொல்கிறது? 2018 மே 29 முதல் அமலில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டத்தை முழுவதும் இங்கே விரிக்க முடியாது. நம் ஆட்களுக்கு உடனடியாக உதவக்கூடியதைச் சொல்கிறேன். 18-ஆம் பிரிவுப்படி அரசு மனநல சிகிச்சை பெறுவது உரிமை, சலுகையல்ல. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் வட்டார அளவிலான அரசு சுகாதார நிலையத்திலிருந்து மேலே எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எப்போதும் இலவசமாக இருக்க வேண்டும். "ஸ்டாக் இல்ல, வெளியில வாங்கிக்கோ" என்று சொன்னால் பொறுப்பு மருத்துவ அதிகாரிக்கு எழுதிக்கொடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் மனநல மறுஆய்வு வாரியம், அதற்கு மேல் மாநில மனநல ஆணையம் என்று 28-ஆம் பிரிவு வழி காட்டுகிறது. மாவட்ட மனநலத் திட்டம் காஞ்சிபுரத்திலும் உண்டு, முதலில் போக வேண்டிய இடம் அரசு தலைமை மருத்துவமனை. போன் வழியாகப் பேச 14416, டெலி-மானஸ், தமிழில் இலவசம்.

எனக்கு இந்தச் சட்டத்தில் ரொம்பப் பிடித்தது 14-ஆம் பிரிவு. நோய் அடங்கியிருக்கும் காலத்தில், "எனக்கு முடியாமப் போனா எனக்காக முடிவெடுக்க இவர்தான்" என்று ஒருவரை நீங்களே நியமிக்கலாம். ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும். அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு உள்ள வீட்டில் இந்த ஒரு தாளின் மதிப்பு பெரிது. 5-ஆம் பிரிவின்படி, எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். அவசர சிகிச்சைக்கு அது பொருந்தாது. ஏற்றமும் இறக்கமும் நடுவில் தெளிவும் மாறி மாறி வரும் இந்த நோய்க்காகவே எழுதியதுபோல இருக்கிறது.

23-ஆம் பிரிவு ரகசியம் காக்கும் உரிமை. ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் ஊரில் போய்ச் சொன்னால் அது சட்டமீறல். 3-ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது: ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதால் மட்டும் அவர் சித்தசுவாதீனமற்றவர் ஆகிவிட மாட்டார், அதைச் சொல்ல நீதிமன்றம் வேண்டும்.

கல்யாண விஷயத்தில் மறைக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன். தனக்கே உள்ள நோயையும் சாப்பிடும் மருந்தையும் கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் நேராகச் சொல்லிவிடுவது நல்லது, தரகரிடமல்ல. இந்துத் திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், எதிர்தரப்பைப் பற்றிய முக்கிய உண்மையை மறைத்து ஏமாற்றினால் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அண்ணனுக்கு நோய் என்பதற்காகத் தங்கை கல்யாணத்தை ரத்து செய்யும்படி எந்தப் பிரிவும் எழுதப்படவில்லை. விவாகரத்துக்கும் நோயின் பெயர் மட்டும் போதாது: சேர்ந்து வாழ முடியாத அளவுக்குக் கடுமையா என்பதே கேள்வி என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொன்னது, சிகிச்சையில் கட்டுப்படும் நோயைக் காட்டிக் கேட்ட விவாகரத்தை 2013-இல் மறுத்தது.

இன்சூரன்ஸ் கம்பெனி உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. மனநோயையும் மரபணு நோயையும் பாலிசியிலிருந்து ஒட்டுமொத்தமாக விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2019-இல் விதி செய்தது. பரம்பரை நோய் என்ற பொத்தாம்பொதுவான விலக்கு பாரபட்சம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருந்தது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024 முதல் அது 3 ஆண்டுக்கு மிகக் கூடாது. விண்ணப்பத்தில் கேட்டதற்கு உண்மையை எழுதுங்கள், இல்லையென்றால் க்ளெய்ம் போகும். அநியாயமாக மறுத்தால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார், செலவில்லை. மரபணுப் பாகுபாட்டைத் தடுக்க அமெரிக்காவில் 2008-லேயே தனிச்சட்டம் வந்தது. இந்தியாவில் இன்னும் இல்லை. அந்த எச்சில் குழாயை வாங்கும் முன் இதையும் யோசியுங்கள்.

கடைசியாக, பணம். நோய் உச்சத்தில் இருக்கும்போது அரை கிரயத்துக்கு மனையை எழுதிக்கொடுத்தவர்கள், வட்டிக்காரரிடம் புரோநோட்டில் கையெழுத்திட்டவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பொதுவாகத் தெளிவாக இருந்து இடையிடையே தெளிவிழப்பவர், தெளிவிழந்த நேரத்தில் ஒப்பந்தம் செய்ய முடியாது என்கிறது. எழுதிய பத்திரம் செல்லாது என்று வாதாடலாம். அதற்கு அந்தத் தேதியில் நோய் கடுமையாக இருந்ததென்று காட்ட வேண்டும், காட்டுவது ஆஸ்பத்திரி ஓபி சீட்டு. கல்யாணப் பேச்சு தொடங்கியதும் பல வீடுகளில் முதலில் கிழிபடுவது அந்தச் சீட்டுதான். கிழித்துவிட்டிருந்தால், மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் கீழ் உங்கள் மருத்துவப் பதிவின் நகலை ஆஸ்பத்திரியில் எழுதிக் கேட்டு வாங்கலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வைத்துக்கொடுக்கும். போன் எண் 15100.